நீலம், மஞ்சள், ஒரு மூடைத் தேங்காய்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததே அல்ல. 2009இல் கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். சந்தைக்கு வந்திருக்கும் இரண்டு மின்சாரக் கார்களை ஒப்பிட வேண்டும். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும், என்ன விலை, மென்பொருள் எப்படி. எனக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. (வீடு தேடி வருகிற வேலையை யாராவது விரட்டுவார்களா?)

இப்படித் தொடங்கினேன்:

"எரிபொருள் விலை நாளுக்கு நாள் ஏறிவரும் இன்றைய சூழலில், மின்சாரக் கார் என்பது மனிதகுலத்தின்—"

கொட்டாவி வந்தது. எழுதுகிற எனக்கே வந்தால் வாசிக்கிற உங்கள் கதி என்ன? மறுபடியும்:

"ஹட்டன் நகரை மூடியிருந்த பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு நீல நிறக் கார்—"

ஐயோ, இது அதைவிட மோசம். மலைநாடு என்றதும் முதல் வரியிலேயே பனியை இறக்குகிற வியாதி எனக்கும் இருக்கிறது. அன்றைக்குப் பனியே இல்லை. தூறல்தான், அதுவும் மத்தியானத்துக்குப் பிறகு.

2

கார்களின் பெயரைச் சொல்ல மாட்டேன். நிறுவனங்கள் வழக்குப் போட்டால் நட்டஈடு கட்ட என்னிடம் இருப்பது ஒரு பழைய தட்டச்சு யந்திரம் மட்டும். ஆகையால் நிறத்தால் அழைக்கிறேன்.

மஞ்சள் சின்னது, மலிவு. எண்பது கிலோமீற்றர் ஓடும் என்கிறது துண்டுப்பிரசுரம். மென்பொருள் என்று பெரிதாக எதுவும் இல்லை. சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று காட்ட ஒரு முள், முடிந்தது. நீலத்துக்கு விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. நூற்றிருபது ஓடுமாம்.* உள்ளே ஒரு திரை இருக்கிறது. இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று அதுவே கணக்குப் போட்டு, ஒரு பெண்ணின் குரலில் ஆங்கிலத்தில் சொல்லும்.

* இந்தப் பிரசுரங்களை எழுதியவரின் ஊரில் மேடு என்று ஒன்று கிடையாது போலும்.

3

தகவல் எல்லாம் கையில் இருந்தும் கட்டுரை நகரவில்லை. காரில் ஏற ஆள் வேண்டுமே! அதனால் ஆட்களை உண்டாக்கினேன்.

சுப்பிரமணியம் முதலாளிக்கு ஹட்டன் கடைத்தெருவில் புடவைக்கடை. மகள் நிலக்ஷிக்கு மலைக்குக் கீழே இருக்கும் கினிகத்தேனைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை நியமனம் வந்திருக்கிறது. திங்கட்கிழமை போய்க் கடமையேற்காவிட்டால் நியமனம் கைநழுவிவிடும். அவளுக்கு அந்த வேலை என்றால் உயிர். முதலாளிக்கோ அவளைப் பஸ்ஸில் அனுப்ப மனமில்லை.

"எம் மக புட்போட்ல தொங்கிக்கிட்டுப் போறதா? ஊரு என்னா பேசும்?"

"நான் உள்ளதாம்பா நிப்பேன்."

"உள்ள நின்னா மட்டும் என்னா, வெளிய நின்னா என்னா? வேணாம்னா வேணாம்."

கடையின் வான் வண்டியைக் கேட்டாள். அது கடைக்கு வேண்டுமாம். கடைசியில் மின்சாரக் காரைப் பற்றிச் சொன்னாள். பெற்றோலே தேவையில்லை என்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யோசித்துவிட்டு ஒரு பந்தயம் போட்டார்.

"ரெண்டு வண்டியையும் கினிகத்தேனைக்கு எறக்கி, திரும்ப ஹட்டனுக்கு ஏத்துவோம். தள்ளக்கூடாது, கட்டி இழுக்கக்கூடாது. எது தானா வந்து சேருதோ அத வாங்கித் தாரேன். ரெண்டும் நின்னுடுச்சுன்னா வேலைய மறந்துட்டுக் கடையில வந்து ஒக்காரு."

(முதல் எழுத்துப்படியில் இவருக்கு முறுக்கு மீசையும் உருட்டு விழியும் கொடுத்திருந்தேன். மீசையை எடுத்தேன். அப்புறம் பார்த்தால், பாவம், மகளைப் பிரிந்திருக்கத் தெரியாத ஒரு மனுசன் மட்டும் மிச்சம். வில்லனை இப்படித் தொலைத்தால் கதையை எப்படி ஓட்டுவது?)

4

ஞாயிறு காலை. கொழும்பிலிருந்து விற்பனைப் பிரதிநிதி பிரதாபன் இரண்டு கார்களையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தான். இரண்டையும் விற்பது அவனேதான் என்பதால் இரண்டு பெண்டாட்டிக்காரன் மாதிரி மாறி மாறிப் புகழ்ந்தான். புறப்படும்போது ஒரே ஒரு உருப்படியான விஷயம் சொன்னான்.

"சேர், எறக்கத்துல நியூட்றல் போடாதீங்க. கியர்லயே விட்டுட்டு காலை மட்டும் எடுங்க. சில்லு சுத்துற சுத்துல பெட்டரி தானா சார்ஜ் ஏறும்."

"தம்பி, இந்த எறக்கத்துல எனக்கே பாடமா? இத்தன வருசத்துல கினிகத்தேனை வரைக்கும் நான் ஒரு சொட்டு எண்ணெய் எரிச்சதில்ல."

மலைநாட்டில் வாகனம் ஓட்டுகிற பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இறக்கம் தெரிந்தால் கை தானாக நியூட்றலுக்குப் போகும். பெற்றோல் மிச்சம்! பெற்றோலே இல்லாத காரில் எதை மிச்சம் பிடிப்பது என்று நீங்கள் கேட்கலாம். முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள்.

பிரதாபன் ஹட்டனிலேயே நின்றுகொண்டான். நீலத்தை முதலாளி ஓட்டினார். நியூட்றலில் ஜம்மென்று இறங்கினார். திரைக்குள்ளிருந்த குரல் மரியாதையாக ஏதோ எச்சரித்தது.

"நீ சும்மா கெட புள்ள," என்று சொல்லித் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையின் மேல் போர்த்தினார். மென்பொருள் ஒப்பீடு இத்துடன் முற்றுப்பெறுகிறது.

மஞ்சளில் நிலக்ஷி. அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் யார்? அப்பாதான். அவள் கையும் போய் நியூட்றலைப் போட்டுவிட்டது. சில வளைவுகள் கடந்த பிறகே பிரதாபன் சொன்னது உறைத்தது. "சனியனே!" என்று தன் கையிலேயே பட்டென்று ஒன்று போட்டாள். கியரை மாற்றினாள். முள் மெதுவாக, மிக மெதுவாக, மேலே ஏறத் தொடங்கியது. தனியாக இருந்ததால் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சந்தோசமாக இருந்தது.

5

என் திட்டத்தில் தேங்காய் கிடையாது. சத்தியமாக. கினிகத்தேனையில் ஆளுக்கு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள் என்றுதான் எழுதி வைத்திருந்தேன். முதலாளி கேட்டாரா? கீழே இறங்கிய வண்டியை வெறுமனே மேலே ஏற்றுவது அவர் வியாபாரத்தில் இல்லாத பழக்கம். ஒரு மூடைத் தேங்காயை நீலத்தின் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு நின்றார்.

"அப்பா, இது கார்ப்பா. லொறி இல்ல!"

"இங்க தேங்கா என்னா மலிவு தெரியுமா? ஒன் வண்டியிலயும் ஒரு மூட போடவா?"

"ஐயோ, வேணவே வேணாம்!"

(வேண்டுமென்றே தோற்கப் பார்க்கிறாரோ? எனக்கும் சந்தேகம் வந்தது. எழுதியவனுக்குத் தெரியாதா என்று முறைக்காதீர்கள். தெரியாது.)

அவர் முதலில் புறப்பட்டார். நிலக்ஷி பாடசாலைப் பக்கம் போனாள். கேற் பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். ஒரு வகுப்பறைச் சுவரில் யாரோ கோணல்மாணலாக மயில் வரைந்திருந்தார்கள். நாளைக்கு இங்கே நிற்க வேண்டும், எப்படியாவது நிற்க வேண்டும் என்று அந்த மயிலிடம் சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பினாள்.

6

றொசல்ல என்ற ஊரைத் தாண்டி, ஹட்டனுக்கு முந்திய கடைசி ஏற்றத்தில் நீலம் நின்றது. துண்டுக்கு அடியிலிருந்து குரல் ஏதோ சொல்லிவிட்டு அடங்கியது. முதலாளி இறங்கித் தூறலில் நின்றார்.

கீழ் வளைவில் மஞ்சள் தெரிந்தது. முள் சிவப்புக்குள் விழுந்துவிட்டது. நடக்கிற வேகம்தான் இருந்தது. இந்த ஏற்றத்தில் நின்றால் மறுபடி அசையாது. ஏறிவிட்டால் அப்புறம் ஊர் வரைக்கும் கஷ்டமில்லை.

படி ஒன்று: அவள் நிறுத்துகிறாள், அப்பா கண்கலங்கிக் கட்டிப்பிடிக்கிறார், வேலையாவது மண்ணாவது— சீ! கிழித்துப் போட்டேன்.

படி இரண்டு: அவள் திரும்பியும் பாராமல் போகிறாள், அவர் தலைகுனிந்து— இதுவும் பொய்.

மூன்றாவது படியில் நான் சொல்லாமலே அந்த மனுசன் றோட்டின் நடுவுக்கு வந்துவிட்டார். நிறுத்தச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து நிலக்ஷி பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோனாள்.

"நிப்பாட்டாத!" என்று கத்தினார். "நிப்பாட்டுனா ஏறாது புள்ள! என்னையப் பாக்காத, மேல பாரு! ஏறு, ஏறு!"

எழுதிவிட்டு நான் கொஞ்சம் அழுதேன். ஒப்பீட்டுக் கட்டுரை எழுத உட்கார்ந்து அழுதவன் நானாகத்தான் இருக்கும்.

7

மஞ்சள் அவரைக் கடந்தது. ஏற்றத்தின் உச்சிக்குக் கொஞ்சத் தூரம் இருக்கையில் தளர்ந்தது. சில்லு சுற்றுகிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத நிலை. நிலக்ஷி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு மேலேயே பார்க்கிறாள். பின்னால் பார்க்கவில்லை.

முதலாளி செருப்பை உதறிவிட்டு ஓடுகிறார். மூச்சு வாங்குகிறது. இரண்டு கையையும் நீட்டிவிட்டார். கைக்கும் காரின் முதுகுக்கும் இடையில் ஒரு சாண்தான்.

தள்ளக்கூடாது என்று பந்தயம் போட்டவர் அவர்தான். அவள் நேர்மைக்காரி, தள்ளி ஏறியது என்று தெரிந்தால் காரை ஏற்க மாட்டாள்; அவள் கேட்டால், தான் தொடவே இல்லை என்று அவர் சத்தியம் பண்ண வேண்டியிருக்கும். றோட்டில் வேறு ஒரு குருவிகூட இல்லை. நான் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள் மட்டும். யாரிடமாவது போய்ச் சொல்வீர்களா?