கேப்டன் ஹோல்ட்ஸ்மானுக்கு ரிலீவர்

இரண்டாம் உலகப் போரின் போக்கையே திருப்பிப்போட்ட மாபெரும் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல், போன ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஓமானின் சோஹார் துறைமுகத்தில் மேலே வந்தது. போக்கைத் திருப்பிப்போட்டதாகச் சொன்னவர் அதன் கேப்டன் ஹோல்ட்ஸ்மான். இரண்டு வருடப் போரில் அது மூழ்கடித்தது பேரீச்சம்பழம் ஏற்றிப்போன ஒரே ஒரு பாய்மரக் கப்பலை. அதுவும் தெரியாமல் மோதி. 1943இல் எதிரி விமானம் குண்டு போட்டு அதை மூழ்கடித்தது. அன்றிலிருந்து அதிலிருந்த நாற்பத்து நான்கு பேரும் வயது ஏறாமல் கடலடியில் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துறைமுகக் கம்பெனி அவர்களைத் தன் தொழிலாளர் கேம்ப்பில் சேர்த்தது. ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், பகல் டியூட்டிக்காரன் எழுந்த சூட்டில் நைட் டியூட்டிக்காரன் படுக்க வேண்டும் என்று சொன்னபோது, கப்பலிலும் இதே ஏற்பாடுதான் என்று மாலுமிகள் கண்கலங்கினார்கள். மூன்றாம் நாள் சாம்பாரில் புளி தூக்கல் என்று புகாரும் கொடுத்தார்கள்.

கேப்டனோடு கட்டிலைப் பகிர்ந்துகொண்டவர் கிரேன் ஆபரேட்டர் கார்மேகம், முதுகுளத்தூர்க்காரர். ஊருக்குப் போய் மூன்று வருடமாகிறது. மகள் சந்தியாவுக்கு வைகாசியில் கல்யாணம். சூப்பர்வைசர் சேதுமாதவனிடம் எப்போது கேட்டாலும் “ரிலீவர் மாஃபி, லீவ் மாஃபி” என்று ஒரே பதில். மாஃபி என்றால் அரபியில் இல்லை. அப்பன் இல்லாமல் மணமேடையா என்று மனைவி சரோஜா போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள். ஒரு வாரத்தில் முதுகுளத்தூர்த் தமிழ் பேசப் பழகியிருந்த கேப்டன், முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

“மாத்திவிட ஆள் வந்தாத்தான் லீவாம். ஒங்களுக்கு இதெல்லாம் எங்கண்ணே தெரியப்போவுது?”

“எனக்கா தெரியாது? எம்பது வருசமா அந்த ஆளுக்காகத்தானய்யா ஒக்காந்திருக்கேன்.”

மறுநாளே கார்மேகத்துக்குப் பதிலாகக் கேப்டன் கிரேனில் ஏறிவிட்டார். ஒவ்வொரு கண்டெய்னரை இறக்கும்போதும் டார்பிடோ விடச்சொல்லி ஜெர்மனில் உத்தரவு போட்டார். கார்மேகம் கல்யாணத்தை முடித்து நாற்பதாம் நாள் திரும்பியபோது கேப்டனின் கணக்கில் நாலாயிரத்துச் சொச்சம் எதிரிக் கப்பல்கள் மூழ்கியிருந்தன. ஒரு கண்டெய்னர்கூட நசுங்கவில்லை. மாதத்தின் சிறந்த ஊழியர் என்று சேதுமாதவன் அவருக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தார், கார்மேகத்தின் போட்டோ ஒட்டி.

“இனி நீங்க கெளம்புங்கண்ணே, கப்பல நான் பாத்துக்கிறேன்,” என்றார் கார்மேகம்.

கேப்டன் ஹாம்பர்க் போனார். எல்லாரையும் போல அவரும் லீவை இரண்டு முறை நீட்டித்துவிட்டார். கார்மேகம் கிரேன் டியூட்டி முடிந்ததும் கப்பலில் ஏறுகிறார். மாலுமிகள் சல்யூட் அடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஒருமுறை மூழ்கி எழுகிறார்கள். துறைமுகத்தில் அதற்கென்று ஒரு பார்க்கிங் நம்பரும் உண்டு.

அத்தனை பெரிய கடலில் விமானம் எப்படிக் கப்பலைக் கண்டுபிடித்தது என்று கார்மேகம் ஒருநாள் ரேடியோ ஆபரேட்டரிடம் கேட்டார். கேப்டன் கடைசி நாட்களில் தினமும் மாலை ஆறு மணிக்குத் தலைமையகத்துக்கு ஒரு செய்தி அனுப்புவாராம். எதிரி அதை வைத்து இடத்தைப் பிடித்துவிட்டான். மொத்தம் இருபத்தேழு செய்திகள். இருபத்தேழும் லீவ் லெட்டர்.