பதினைந்தாவது காலணி

பின்வாங்கும் படையைக் காட்டும் அந்தப் பழைய ஓவியத்தின் கடைசி வரிசையில் ஏழு வீரர்கள் நடக்கிறார்கள். காலணிகளோ பதினைந்து. முதலில் கண்டுபிடித்தவன் என் அண்ணன். அருங்காட்சியகத்தில் பழைய படங்களைச் சுத்தம் செய்வது எங்கள் இருவருக்கும் வேலை.

"எட்டாவதா ஒருத்தன் இருக்கான். பின்னால வந்த எவனோ சாயம் பூசி மூடிட்டான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். அவனுக்குக் 'கால்கணக்கர்' என்று பட்டப்பெயர் வந்ததுதான் மிச்சம். தேடத் தொடங்குமுன் மாரடைப்பில் போய்விட்டான்.

அவன் போன ஏழாவது வாரம் ஒரு நாள், அன்று மாலை நாலு மணிக்குப் படத்துக்கு வார்னிஷ் பூச வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். வார்னிஷ் ஏறிவிட்டால் பிறகு யாரும் அந்தப் படத்தைத் தொட விடமாட்டார்கள். அண்ணன் சொன்னது கேலிப்பேச்சாகவே நின்றுவிடும்.

காலையிலிருந்து அந்தக் காலணிக்கு மேலே, ஆள் நிற்க வேண்டிய இடத்தில் துடைத்துக்கொண்டிருந்தேன். குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, மெல்ல உருட்ட வேண்டும். சிரிக்காதீர்கள், பசை கலந்த சாயத்தைக் கரைக்க எச்சிலைப் போலப் பதமான மருந்து கிடையாது. அழுக்கு போனது. அடியில் இருந்ததெல்லாம் அசல் புகை, அசல் வானம்; ஆளைக் காணோம்.

மூன்றேகாலுக்கு, படங்களுக்கு மரச்சட்டம் செய்கிறவர் அளவுகோலோடு வந்தார்.

"என்ன தங்கச்சி, எட்டாவது ஆளு லீவா?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே."

"எனக்கென்னம்மா. கீழ நாலு விரல் என் சட்டத்துக்குள்ள போயிடும். வெறும் சேறுதானே."

படத்தின் அடிவிளிம்பை அளக்க ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். பின்னால் நீண்ட காலின் செருப்பு நுனியில் நின்றது, குதிகால் மேலே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்திலிருந்த காலணியும் அப்படியேதான் நின்றது!

"அண்ணே, அசையாதீங்க!"

"ஏம்மா, பாம்பா?"

"அவன் நிக்கலண்ணே! மண்டி போட்டிருக்கான்! நான் மேல தேடிக்கிட்டிருக்கேன்!"

அவரைத் தள்ளிவிட்டுத் தரையில் படுத்தேன். காலணிக்கு முன்னாலிருந்த சேற்றில் பஞ்சை உருட்டினேன். ஒரு நீலம் எட்டிப் பார்த்தது. முழங்கால்! அடுத்த பஞ்சை நாக்கில் வைத்தால் வாய் காய்ந்து கிடந்தது. பதற்றத்தில் ஒரு சொட்டு எச்சில் இல்லை.

"நான் வேணா துப்பட்டுமா?"

"வெத்தல போட்ட வாயோடவா? படம் சிவந்துடும்!"

"அப்ப எலுமிச்சம்பழத்த நெனச்சுக்க. அறுத்து, உப்பு தொட்டு, நாக்குல..."

ஊறிவிட்டது. நீலச் சட்டை வந்தது. அவன் தோளைச் சுற்றி இன்னொருவன் கை. எட்டாவது ஆள், விழுந்து கிடந்த ஒன்பதாவது ஆளைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

வார்னிஷ் டப்பாவோடு வந்த இயக்குநர் அதைக் கீழே வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவரும் மண்டியிட்டார்.

"இங்க ஆள் இருக்குன்னு யார் சொன்னது?"

"உங்க கால்கணக்கர்தான் மேடம்."

அவர் முகம் சுருங்கியது. "அவர் பேரை முதல்ல போட்டு அறிக்கை எழுதுங்க. வார்னிஷ் இன்னிக்கு இல்ல."

"அப்ப நான் அறுத்து வெச்ச சட்டம்?" என்றார் சட்டக்காரர். பிறகு அவரே, "போகட்டும், அகலம் குறைச்சு வேற அறுத்துடறேன்" என்று சிரித்தார்.

அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். நேரமில்லை. விழுந்தவனின் முகம் இன்னும் சேற்றுக்குள் இருந்தது. புதுப் பஞ்சை எடுத்தேன்.

"எலுமிச்சம்பழம் சொல்லுங்கண்ணே" என்றேன்.