பாலத்துக்குக் கீழே நடந்தவர்கள்

"கொஞ்சம் வாயை மூடு ரேடியோ. இப்ப பாலம் வரும். பாலம் வந்தா எங்கப்பா வந்துட்டார்னு அர்த்தம்."

"இதையேதான்ப்பா காலையிலேர்ந்து சொல்றீங்க. உங்கப்பா வர்றதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்."

வாய் ஓயாத மகளுக்கு அந்த வீட்டில் ரேடியோ என்றுதான் பெயர். அவளை அதட்டியவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சோபாவில் சாயாமல் நுனியில் உட்கார்ந்திருந்தார், கைக்கு ஸ்டியரிங்தான் பாக்கி என்பதுபோல. டி.வி. பார்க்கவென்று புதுச்சட்டை வேறு.

திரையில் பழைய போர் ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பட்டாளத்துக்குச் சுமை தூக்கப் போன அப்பா திரும்பவே இல்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. பிறகு அவர் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் சினிமாக் கொட்டகையில் இந்தப் படத்தைக் காட்டினார்களாம். பாலத்துக் காட்சியில் அவருடைய அம்மா இருட்டிலேயே எழுந்து நின்றுவிட்டாளாம். "அதோ, கழுத்தை ஒருபக்கமாச் சாய்ச்சுக்கிட்டு பெட்டி தூக்கிட்டுப் போறார் பாரு, அவர்தான் உங்கப்பா."

இந்தக் கதையை மருமகள் பலமுறை கேட்டிருக்கிறாள். கேட்டிருக்கிறாள் என்றால், கண்ணைப் போனில் வைத்துக்கொண்டு 'ம்' கொட்டியிருக்கிறாள். இப்போது சமையலறை வாசலில் நின்றவள், 'பாலம்' என்ற சொல் காதில் விழுந்ததும் போனை இறக்கினாள்.

பழைய படங்களைப் புதுப்பிக்கும் ஆபீசில் அவளுக்கு வேலை; இந்தப் படத்தைத் தூசி தட்டிப் புதுப்பித்தவளே அவள்தான். பழைய படம் ஏறக்குறையச் சதுரம். இன்றைய திரையோ அகலம். ஒவ்வொரு காட்சியிலும் மேலேயோ கீழேயோ வெட்டியாக வேண்டும். "தலை தப்பணும். கால் போனா யாரும் கேஸ் போட மாட்டாங்க" என்பது அவர்கள் பிரிவின் வேதவாக்கு. பாலத்தின்மேல் குதிரையில் வரும் தளபதியின் தொப்பி, காட்சியின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாலம் பட்டாளத்துக்கு மட்டும் என்பதால் சுமைகாரர்கள் கீழே இடுப்பளவுத் தண்ணீரில் பெட்டிகளோடு நடந்தார்கள். அவள் சட்டகத்தை மேலே இழுத்தாள். குதிரையின் காதுகூடத் தப்பியது. தண்ணீரில் போனவர்களின் தலைகள், வெட்டுப்படும் கால்களின் கணக்கில் சேர்ந்து போய்விட்டன.

அதை வெட்டிய அன்று மதியம் முழுக்க, படத்தின் தொடக்கத்தில் வரும் வரிக்கு எழுத்துரு தேடினாள். 'போரில் உழைத்த எல்லா இன மக்களுக்கும் சமர்ப்பணம்.' மேனேஜர் பார்த்துவிட்டு அருமை என்றார். அவளும் பூரித்துப்போனாள்.

கழுத்து சாய்ந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. மாமனாரின் அப்பா என்று தெரிந்திருந்தால் வெட்டியிருக்க மாட்டாள். அந்த எண்ணம்தான் அவளை இன்னும் கூசவைத்தது. யாரோ என்றால் வெட்டலாமா?

"வந்துடுச்சு, வந்துடுச்சு!" மாமனார் எழுந்தேவிட்டார்.

தளபதி வந்தார். குதிரை வந்தது. பின்னால் பெரிய வானம். கீழே பாலத்தின் கைப்பிடி ஒரு கோடாகத் தெரிந்தது. மாமனார் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். இன்னும் குனிந்து, டி.வி.க்கு அடியில் எதையோ தேடுகிறவர்போலப் பார்த்தார். அதற்குள் பீரங்கி வெடித்தது, காட்சி மாறிவிட்டது.

"இதுல தண்ணியே இல்லையே" என்றார்.

"சின்ன வயசுல பார்த்ததுப்பா. அது வேற படமா இருக்கும்" என்றான் மகன்.

"இல்லேன்னா பாட்டி இருட்டுல வேற யாரையோ பார்த்துட்டு எந்திரிச்சிருக்கும்" என்று ரேடியோ சிரித்தாள். அண்ணன் முறைத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"இருக்கும்" என்றார் மாமனார். திரும்பி வந்து சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மருமகள் வாயைத் திறந்தாள். நான்தான் வெட்டினேன் என்று சொல்லத்தான் திறந்தாள்.

"டீ போடவா மாமா?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் நிரம்பி வழிந்தது. ஒரு வாய் வார்த்தையில் ஒரு கிழவியின் பெயரைக் காப்பாற்றியிருக்கலாம். அதுகூட வரவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் வந்து குழாயை மூடினார். கூடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்கம்மா பொய் சொல்ற ஆளில்லம்மா. சாகறவரைக்கும் அந்த ஒரு காட்சியைத்தான் சொல்லிக்கிட்டிருந்தா. இதுக பேச்சைக் கேட்டு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

அவள் நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கி அடுப்பில் வைத்தாள்.

"நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க. இதைப் புதுசாக்குனவங்க பழைய படத்தை முழுசாப் பார்த்திருப்பாங்கல்ல? பாலத்துக்குக் கீழ ஆளுங்க இருந்தாங்களா இல்லையான்னு, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றியாம்மா?"