பெயின்டர் வாசித்ததை ஊரே பார்த்தது

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள், ஞாயிறு காலைகளில் நூலக மாடிக்குப் போய்ப் பெரியவர்களுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுப்பாள். சம்பளம் கிடையாது. அவள் மேசைக்கு வந்தவர் தலை நரைத்த ஒரு பெயின்டர். டப்பா மூடியின் நிறத்தைப் பார்த்தும், "கண்ணாடிய வீட்ல வச்சுட்டேன், நீயே படிப்பா" என்று சொல்லியும் காலத்தை ஓட்டிவிட்டவர். அவருக்குப் படிக்க வராது என்பது பெற்ற மகளுக்கே தெரியாது.

ஒரு நாள், விரலை வைத்துத் தடுக்கித் தடுக்கி, ஒரு பத்தியை முழுசாக வாசித்தார். அவள் செல்போனில் பிடித்தாள்.

"எதுக்கு தங்கச்சி?"

"சும்மாண்ணே. நமக்குள்ளதான்."

அன்று மாலையே, 'ஓர் எழுத்தும் தெரியாமல் வந்தவர், என் மாணவர்' என்று எழுதி அந்த வீடியோவை ஊரே பார்க்க இணையத்தில் போட்டாள். பாராட்டு குவிந்தது. கடையில் மருந்துச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே போனைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. போனையும் எடுக்கவில்லை. அவர் வேலை செய்யும் வீட்டை விசாரித்துக்கொண்டு போனாள். ஏணியில் நின்று சுவருக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தவர் இறங்கி வந்தார்.

"வாங்க டீச்சர்."

தங்கச்சி என்று கூப்பிட்ட வாய்.

"உடம்பு சரியில்லையாண்ணே?"

"உடம்புக்கென்ன." கையைத் துணியில் துடைத்தார். "சம்பந்தியம்மா பார்த்துட்டாங்க. நான் திக்கற இடமாப் பார்த்து நிறுத்தி நிறுத்தி எல்லாருக்கும் காட்டியிருக்காங்க. எம் பொண்ணும் அங்கதான் நின்னிருக்கா. சேர்ந்து சிரிச்சு வச்சாளாம். வாக்கப்பட்ட வீடு, வேற என்ன பண்ணுவா. அப்புறம் எனக்குப் போன் போட்டு, ஏம்ப்பா எங்கிட்ட சொல்லலன்னு ஒரே அழுகை."

அவள் அங்கேயே வீடியோவை அழித்தாள்.

"நல்லதுக்குன்னுதான் போட்டிருப்பீங்க," என்றார் அவர்.

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"இல்லண்ணே. என்னை நாலு பேர் மெச்சணும்னு போட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "பட்டி காஞ்சிடும்," என்று ஏணியில் ஏறிவிட்டார்.

சில வாரம் கழித்து அவர் மறுபடி வகுப்புக்கு வந்தார். மகளே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள். மாடிப்படியில் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். அவர் இவளுக்கு ஒரு தலையசைப்பைக் கொடுத்துவிட்டு, அங்கே சொல்லிக்கொடுக்கும் இன்னொருவரான, ஓய்வுபெற்ற நர்ஸம்மாவின் மேசையில் போய் உட்கார்ந்தார். முன்கூட்டியே கேட்டு வாங்கிய இடம்.

இவள் மேசைக்குப் புதிதாக ஒரு சமையல்காரம்மா வந்திருந்தார். அவருக்கு 'அ' போட்டுக் காட்டும்போது, அந்தப் பக்கம் பெயின்டரின் குரல் 'வெளிச்சம்' என்ற சொல்லில் தடுக்கி நின்றது. எங்கே தடுக்குகிறார் என்று இவளுக்குத் தெரியும். முகம் சுட்டது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"டீச்சரம்மா," என்று சமையல்காரம்மா இரண்டாவது தடவையாகக் கூப்பிட்டார். "சுழி எந்தப் பக்கம்?"