பிரித்து விற்கப்பட மாட்டாது

வணக்கம். எல்லோரும் சௌக்கியமா? ஒரு வாரமாகக் கடல்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டுவந்து வீட்டுக்குள் கொட்டுகிறது. உங்கள் முழங்கால்கள் எப்படி இருக்கின்றன? ஜலதோஷம் பிடித்தவர்கள் ஒரு கோப்பை தேநீரோடு உட்காருங்கள். ஹின்ரிக் கார்டு வாங்கப் போன கதையைச் சொல்கிறேன்.

ஹின்ரிக்கின் வீடு நோர்டன் ஊருக்கு வெளியே, கடலணை ஓரம். வயல்களில் தேங்கும் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளுகிற பம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றான். மாடியில் ஒரு சின்ன அறை அவனுடையது. அதில் ஒரு அமிகா 2000 கம்ப்யூட்டர். எண்பதுகளில் வந்த பெட்டி, கிழட்டுக் குதிரையின் பல் மாதிரி மஞ்சளாகிவிட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே வரிசையாகக் கார்டு சொருகும் இடங்கள். ஒரு கார்டைச் சொருகினால் நினைவு கூடும், இன்னொன்றைச் சொருகினால் பெரிய டிஸ்க்கைப் படிக்கும், வேறொன்று படங்களுக்குக் கூடுதல் வண்ணம் கொடுக்கும். ஹின்ரிக் ஒவ்வொன்றாக, வருஷக்கணக்கில் தேடிப் பிடித்து நிரப்பிக்கொண்டு வந்தான். பாக்கி இருந்தது ஒரே ஒரு இடம். வேகம் கூட்டும் கார்டுக்கான இடம்.

அந்தக் கார்டு புதிதாக வந்த காலத்தில் அதன் விலைக்கு ஒரு சமையலறையே போடலாம். கெஷே சமையலறை போட்டாள்.

கெஷே அவன் மனைவி. கோபப்பட மாட்டாள், கத்த மாட்டாள். சொன்னதைச் செய்வாள், அவ்வளவுதான். கார்டு விஷயத்தில் அவள் சட்டம் ஒன்றே ஒன்று.

"கார்டு எத்தன வேணாலும் வாங்கிக்கோ, ஹின்ரிக். அது பெட்டிக்குள்ள போயிடும், என் கண்ணுல படாது. ஆனா இன்னொரு பெட்டி இந்த வாசல்ல ஏறுச்சுன்னா, நான் எம்டனுக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

"எத்தன நாளைக்கு?"

"பெட்டி இருக்கிற வரைக்கும்."

பழைய கம்ப்யூட்டர் சேர்க்கிறவர்களின் வீடுகளை ஹின்ரிக் பார்த்திருக்கிறான். ஒருத்தன் வீட்டில் குளியல்தொட்டிக்குள்கூட மானிட்டர் இருந்தது. அந்த வீட்டில் மனைவி இல்லை. அதனால் கெஷே சொன்னதை அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. லேயர் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அமிகா 2000, உள்ளே எல்லாக் கார்டும் உண்டு, அவன் தேடிய கார்டும் உண்டு. கீழே மூன்று வரி: நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பிரித்து விற்கப்பட மாட்டாது. முட்டாள்தனமான கேள்விகளுக்குப் பதில் கிடையாது.

அந்த ஒரு கார்டை மட்டும் தர முடியுமா என்று ஹின்ரிக் எழுதிக் கேட்டான். பதில் வரவில்லை. வேறு விதமாக எழுதிக் கேட்டான். 'சனிக்கிழமை வாருங்கள், தேநீர் குடிக்கலாம். தால்கே' என்று பதில் வந்தது.

சனிக்கிழமை ஹின்ரிக் தன் பெட்டியைத் தூக்கிக் காரின் பின் சீட்டில் வைத்து, சீட் பெல்ட் போட்டான். ஓடுகிறதா என்று தன் பெட்டியில் சொருகிப் பார்க்காமல் எந்தக் கார்டையும் வாங்கக் கூடாது என்பது இந்த மனிதர்களின் ஒழுக்கம். கெஷே ஜன்னலில் இருந்து பார்த்தாள்.

"ஒண்ணு வெளிய போகுது. ஒண்ணுதான் உள்ள வரணும்," என்றாள்.

தால்கே நெட்டையான பெண்மணி. கணவர் ஹாபோ இறந்து ஒரு குளிர்காலம் ஆகியிருந்தது. கூடத்தின் ஓரத்தில் மேஜைமேல் ஹாபோவின் பெட்டி, பூவேலை செய்த துணியால் மூடி, கூண்டுக் கிளி தூங்குவது போல இருந்தது. ஹின்ரிக்கின் கண் அதிலேயே நின்றது. தால்கே அவனை அதற்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தாள்.

கோப்பையில் கற்கண்டு, அதன்மேல் சூடான தேநீர், ஓரமாக ஒரு சொட்டு கிரீம். கலக்கக் கூடாது. எங்கள் பக்கம் மூன்று கோப்பை உள்ளே போகாமல் யாரும் காரியம் பேச மாட்டார்கள். முதல் கோப்பைக்கு மழையைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாவதற்கு வாய்க்கால் நீர்மட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். அதில் ஹின்ரிக்குக்குச் சொல்ல நிறைய இருந்தது. மூன்றாவது கோப்பை வந்தது.

"உங்களுக்கு முன்னாடி நாலு பேர் வந்தாங்க. நாலு பேருக்கும் ஒரு கார்டுதான் வேணுமாம்," என்றாள் தால்கே. "ஒருத்தர் கையில ஸ்க்ரூடிரைவரோட படியேறினார். ஒரு வாய் தேநீர்கூட ஊத்தல, அப்படியே திருப்பி அனுப்பிட்டேன்."

ஹின்ரிக் தன் கோட்டுப் பைக்குள் இருந்ததை இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தள்ளினான்.

"எனக்கும் அந்த ஒரு எடம்தான் காலி," என்றான்.

"ஹாபோ பிரிக்கக் கூடாதுன்னுட்டான். ஆஸ்பத்திரியில உசிரு போறதுக்கு முன்னாடி என்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. பெட்டியப் பிரிக்காதேன்னான்."

"அப்ப மொத்தமா எடுக்கலாம்னா, எங்க வீட்டுல இன்னொரு பெட்டி ஏறக் கூடாது."

"யாரு சொன்னது?"

"கெஷே."

தால்கே தலையாட்டினாள். கெஷேயை அவளுக்குத் தெரியாது. ஆனாலும் தெரிந்துவிட்டது. எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

"உங்க கார் பின் சீட்ல யாரோ ஒக்காந்திருக்காங்களே. மழையில ஏன் வெளியவே விட்டுட்டீங்க?"

"அது என் பெட்டி."

"பெல்ட்டெல்லாம் போட்டு?"

"வளைவுல சாயும்."

தால்கே ஹாபோவின் பெட்டிப் பக்கம் திரும்பினாள். "இத எடுத்துட்டா மேஜை வெறிச்சுன்னு கிடக்கும். அந்த எடத்துல பூந்தொட்டி வைக்க எனக்கு மனசு வரல," என்றாள். "உங்களுத இங்க விட்டுட்டு இதக் கொண்டு போனா, உங்க வீட்டுலயும் ஒண்ணு, என் வீட்டுலயும் ஒண்ணு. எதையும் பிரிக்கலையே."

ஹின்ரிக்குக்கு வாய் உலர்ந்தது. மூன்று கோப்பை குடித்தும் உலர்ந்தது. வருஷக்கணக்கில் தேடிய கார்டுகள் எல்லாம் அந்தப் பின் சீட்டில் இருந்தன. ஆனால் அதே கார்டுகள் ஹாபோவின் பெட்டியிலும் இருந்தன, கூட ஒன்று அதிகமாக. கணக்கு சரியாகத்தான் வந்தது. கரண்டியைக் கோப்பைக்குள் போட்டான். இனி ஊற்ற வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

வித்தியாசத்துக்கு ஒரு தொகை பேசி, அதைக் கொடுத்து, ஹாபோவின் பெட்டிக்குப் பெல்ட் போட்டு வீடு வந்து சேர்ந்தான்.

கெஷே வாசலிலேயே நின்றிருந்தாள். "அது நம்ம பெட்டி இல்லையே."

"இப்ப நம்ம பெட்டிதான். அத அங்க விட்டுட்டேன்."

கெஷே காருக்குள் எட்டிப் பார்த்தாள், பின் டிக்கியையும் திறந்து பார்த்தாள். "சரி," என்று உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் ஹின்ரிக் மூடியைத் திறந்தான். ஒரு இடம்கூடக் காலி இல்லை. ஒவ்வொரு கம்பியிலும் ஹாபோவின் கையெழுத்தில் சின்னச் சீட்டு. தூசி இல்லை, தளர்ந்த திருகு இல்லை. முன்பெல்லாம் ஒரு கண்ணாடி உருண்டையின் படத்தை வரைய அவன் பெட்டிக்கு ராத்திரி முழுவதும் பிடிக்கும். விடிந்ததும் செருப்புகூடப் போடாமல் மாடியேறி, எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று பார்ப்பான். இது கெஷே சாப்பிடக் கூப்பிடுவதற்குள் வரைந்து முடித்துவிட்டது. ஹின்ரிக் உருண்டையைப் பார்த்தான். நல்ல உருண்டைதான். மூடியை மூடினான்.

அடுத்த நாள் செய்ய ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பழக்கத்தில் விளம்பரங்களைத் திறந்து பார்ப்பான், எல்லாமே தன்னிடம் இருக்கும், மூடிவிடுவான். பிறகு மாடியில் இருந்து கீழே இறங்கினான். கெஷேக்குக் கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் சமையலறை இழுப்பறைகளில் கரண்டிகளை நீளவாரியாக அடுக்கினான். ஒழுகாத குழாயைப் பழுது பார்த்தான். அது ஒழுக ஆரம்பித்தது. கெஷே உருளைக்கிழங்கு உரிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தான்.

"தோல் ரொம்ப தடியாப் போகுது," என்றான்.

கெஷே கத்தியைக் கீழே வைத்தாள். "ஏதாவது கார்டு வாங்கேன், ஹின்ரிக்."

"எடமில்ல."

"அப்ப அந்தம்மாகிட்ட போயி நம்ம பழசத் திருப்பி வாங்கிட்டு வா. இத அவங்களே வச்சுக்கட்டும்."

அதைத்தான் அவனும் நினைத்துக்கொண்டிருந்தான், சொல்லக் கூச்சமாக இருந்தது. பெட்டிக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு லேயருக்குக் கிளம்பினான்.

தால்கே கதவைத் திறந்தபோது அவள் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. கூடத்து மேஜையில் அவனுடைய பழைய பெட்டி, மூடி கழற்றி, பக்கத்தில் டார்ச் விளக்கோடு இருந்தது.

"நல்ல வேள வந்தீங்க. இதோ இங்க ஒரு ஓட்ட இருக்கு, பாருங்க. இதுல என்ன வரும்?"

"வேகம் கூட்டுற கார்டு."

"அது கிடைக்குமா?"

"லேசுல கிடைக்காது."

தால்கேயின் முகம் மலர்ந்தது. ஹின்ரிக் வந்த விஷயத்தைச் சொன்னான். அவள் சிரித்தே விட்டாள்.

"முடிஞ்சு போனத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஹாபோ இருந்த வரைக்கும் என்ன மூடியத் தொடவே விட்டதில்ல. இப்பத்தான் உள்ள என்ன இருக்கு, என்ன இல்லன்னு பாக்குறேன். ப்ரேமன்ல ஒரு ஆள்கிட்ட அந்தக் கார்டு இருக்குதாம், பிரிச்சுத் தர மாட்டேங்கிறான். விட மாட்டேன். உங்க பெட்டி எனக்கு வேணும்."

"அப்ப நான் என்ன பண்றது?"

அவன் அதைக் கேட்ட விதத்தில் தால்கே சிரிப்பை நிறுத்தினாள். "உக்காரு," என்றாள். "இந்த வாங்க போங்கல்லாம் இனிமே வேண்டாம். தால்கேன்னு கூப்பிடு. ஆனா முதல்ல வா, ஒண்ணு காட்டறேன்."

தோட்டக் கொட்டகையில், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால், சாக்கு போர்த்தி இன்னொரு அமிகா இருந்தது. ஸ்க்ரூடிரைவர் தேடும்போது அகப்பட்டதாம். தால்கே மூடியைத் தூக்கினாள். உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு கார்டு இல்லை, ஒரு கம்பி இல்லை, வறுத்து உண்ட வாத்தின் எலும்புக்கூடு மாதிரி இருந்தது.

"பிரிக்காதே, பிரிக்காதேன்னு சொன்ன மனுஷன்," என்றாள் தால்கே, "இத உரிச்சுத்தான் அத ரொப்பியிருக்கான். வேணும்னா எடுத்துக்கோ. காசெல்லாம் வேண்டாம்."

ஹின்ரிக் காலி இடங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு கொட்டகை வாசலில் நின்று வீட்டுக்குப் போன் போட்டான்.

"கெஷே, தால்கே பழசத் தர மாட்டேங்கிறா. ஆனா கொட்டகையில இன்னொரு பெட்டி இருக்கு."

எம்டன் ரயிலுக்கு எத்தனை மணி என்று ஹின்ரிக் யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

"உள்ள என்ன இருக்கு?" என்றாள் கெஷே.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லையா? எல்லாம் புதுசாத் தேடணுமா?"

"எல்லாமே."

"வருஷக்கணக்குல ஆகுமா?"

"ஆகும்."

"மழ தூறுது, நனையாம கொண்டுவா," என்றாள் கெஷே. "பின் சீட்ல ரெண்டுக்கும் எடம் இருக்கில்ல?"

உங்கள் வீட்டிலும் வாசலைத் தாண்டக் கூடாது என்று ஒரு சாமானுக்குத் தடை இருந்திருக்கும். யார் போட்டது, யார் முதலில் தளர்த்தியது, அந்தச் சாமான் இப்போது எந்த அறையில் இருக்கிறது? ஒளிக்காமல் எழுதுங்கள், எல்லோரும் சேர்ந்து படிக்கலாம்.