தாலி ஏறும் வரைக்கும்

மணமேடைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் மயில்சாமி அட்சதைத் தட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். கூட்டல் குறியோடு தொடங்கும் நீள நம்பர். வெளிநாடு. காலை மணி ஆறு ஐந்து. ஆறரைக்குத் தாலி. மகள் பூஜிதா மேடைக்கு வந்துவிட்டாள்.

அவருடைய தம்பி கண்ணையா கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். முந்தின நாள் மத்தியானம் அந்தத் துறைமுகத்துக்குள் துப்பாக்கியோடு ஒரு கும்பல் புகுந்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டு, சரக்குக் கிடங்குக்கும் தீ வைத்துவிட்டது. நாற்பது பேருக்கு மேல் செத்ததாக டிவியில் சொன்னார்கள். பெயர் எதுவும் சொல்லவில்லை. கண்ணையாவின் போன் அப்போதே செத்துவிட்டது. கணபதிப் பகுதியில் வீட்டிலிருந்த அவன் மனைவி புவனாவிடம், "நீ கல்யாணத்துக்கு வர வேண்டாம் அம்மணி, ஊட்டுலயே போன் பக்கத்துல இரு" என்று சொன்னது மயில்சாமிதான். கேட்டவர்களுக்கு அது அக்கறையாகத்தான் பட்டது. அழுத முகம் மேடைப் பக்கம் வரக் கூடாது என்கிற எண்ணம் அவருக்கு மட்டும் தெரிந்தது.

"சாவு காதுல உழுந்தாத்தான் தீட்டு, மயிலு" என்று அத்தை வள்ளியாத்தாள் ராத்திரியே சொல்லி வைத்திருந்தார். "தாலி ஏறுற வரைக்கும் யாரும் எதையும் கேட்டுக்காதீங்க." கூடப்பிறந்தவன் செத்த சேதி வந்தால் கல்யாணம் நின்றுபோகும். பெருந்துறைச் சம்பந்தி வீட்டில் பெண்ணின் ராசி என்று ஒரு வார்த்தை கிளம்பும். கிளம்பினால் ஏழு ஊருக்கும் போகும், திரும்பி வராது. மயில்சாமி போனை கட் பண்ணினார். மறுபடி அடித்தது, கட் பண்ணினார். மூன்றாம் தடவையும் கட் பண்ணி, போனையே அணைத்துவிட்டார். போனவன் போய்விட்டான், அரை மணி நேரத்தில் என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைத்தார். அப்படி நினைக்கலாமா? நினைத்தார். அட்சதைத் தட்டு பாத்திரக் கூடைக்கு அடியில் அகப்பட்டது.

தாலி ஏறியபோது குலுங்கி அழுதார். பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற வருத்தம் என்று சம்பந்தி தோளைத் தட்டிக் கொடுத்தார். அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டதுதான் எல்லாவற்றிலும் கேவலம்.

ஏழரை மணிக்கு, பந்தி நடக்கும் கூடத்துக்கு வெளியே கைகழுவும் இடத்தில் நின்று போனை மறுபடி ஆன் செய்தார்.  அந்த நீள நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"ஏனுங்ணா, கண்ணையா பேசறனுங்க. பயப்படாதீங்க, உசுரோடதான் இருக்கறேன். தொடையில குண்டு பாஞ்சிருச்சு. இப்ப ஆபரேசனுக்குக் கூட்டீட்டுப் போறாங்க. என்ற போனு தீயில போயிருச்சு, இது நர்சம்மா போனு. உங்க நம்பரு ஒண்ணுதானுங்க மனப்பாடமாத் தெரியுது. மூணு தடவ அடிச்சேன், கட் பண்ணீட்டீங்க. மேடையில இருப்பீங்க, தெரியுமுங்ணா. புவனாகிட்டச் சொல்லிப்போடுங்க. பாப்பாளுக்கு என்ற ஆசீர்வாதம்."

திரும்ப அழைத்தார். மணி அடித்து அடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை. பிறகு புவனாவை அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"மாமா, எதாச்சும் தெரிஞ்சுதுங்களா?"

"இருக்கறான் அம்மணி. உசுரோட இருக்கறான். கால்லதான் குண்டாம், ஆபரேசன் பண்றாங்களாம். வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கறான்."

அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எப்பங்க மாமா பேசுனாரு?" என்றாள்.

"இப்பத்தான் அம்மணி. இப்பத்தான்."

"கல்யாண வேலையிலயும் போனக் கையிலயே வெச்சிருந்தீங்களாட்ட இருக்குது. நீங்க நல்லா இருக்கோணும் மாமா. அவரு கொரல ஒருக்கா நான் கேக்கோணும், அத எனக்கு அனுப்பியுடுங்க."

அழிந்துபோய்விட்டது என்று சொல்லிவிடலாம். கேட்டால் நம்புவாள். முப்பது வருஷமாக விசைத்தறி ஓட்டிக் கருமத்தம்பட்டியில் நாலு பேருக்கு நியாயம் சொல்லும் மனிதனுக்கு இந்த யோசனை எவ்வளவு சுலபமாக வருகிறது! அவருக்கே உடம்பு கூசியது. நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு பெண் புருஷன் செத்தான் என்றே உட்கார்ந்திருக்கிறாள். அவன் குரல் இவர் சட்டைப்பைக்குள் கிடந்திருக்கிறது. மயில்சாமி அனுப்பிவிட்டார். சிறிது நேரத்தில் அது கேட்கப்பட்டதற்கான நீலக்குறி வந்தது.

 ஐந்து நிமிஷம் கழித்துப் போன் அடித்தது. புவனாவின் மகள் லோகப்பிரியாவின் நம்பர். எடுத்துக் காதில் வைத்தார்.

"கண்ணு?" என்றார். "அம்மணி?"

 மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பக்கம் இன்னொரு போனிலிருந்து தம்பியின் குரல் ஓடத் தொடங்கியது. "ஏனுங்ணா, கண்ணையா பேசறனுங்க." கடைசி வரை ஓடி நின்றது.  மறுபடி முதலிலிருந்து.

"பொண்ணோட அப்பா எங்கீங்க? போட்டோவுக்கு வரச் சொல்லுங்க!" என்று மேடையிலிருந்து மைக்கில் கூப்பிட்டார்கள். சாப்பிட்டு வந்தவர்கள் அவரை விலக்கிக்கொண்டு குழாயில் கை கழுவினார்கள். மயில்சாமி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். மூணு தடவ அடிச்சேன் என்று கண்ணையா மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தான்.