ருசி பார்த்த ஆள்

மரியம் பிஸ்கட் தூளை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்தாள். கொழுக்கட்டை மாதிரி உதிராமல் நின்றது. வெண்ணெய் அளவு சரி. வளையத்துக்குள் தூளைக் கொட்டி, எவர்சில்வர் டம்ளரின் அடியால் அழுத்தத் தொடங்கினாள். சீஸ்கேக்கின் இந்த அடிப்பாகம் குளிரில் இறுகினால்தான் மேலே சீஸ் ஊற்ற முடியும்.

நோன்பு மாதத்தில் அவளால் ருசி பார்க்க முடியாது. அந்த வேலை பக்கத்தில் நிற்கும் சீதாலெட்சுமிக்கு. வருஷா வருஷம் அப்படித்தான். நேற்றும் சீதா ஒரு சிட்டிகை வாயில் போட்டு, "சரியா இருக்குக்கா" என்றாள்.

அந்தக் கேக்குகள்தான் இன்று மத்தியானம் பெட்டி பெட்டியாகப் பண்டமாரானில் இருக்கும் இந்தக் கேக் பட்டறைக்குத் திரும்பி வந்தன. அடிப்பாகம் ஒரே உப்பாம், வாயில் வைக்க முடியவில்லையாம்.

சீதா மரியத்தைக் குளிர் அறைக்குள் இழுத்துப் போனாள்.

"எனக்கு ருசியே தெரியலக்கா. கழுத்துக்கு ரேடியேஷன் குடுத்ததுலேருந்து உப்பும் சீனியும் ஒண்ணாத்தான் இருக்கு."

"அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா முதலாளி வேலைல வச்சிருப்பாரா? பாத்திரம் கழுவுன ரமணியை, நோயாளின்னு சொல்லித்தானே நிறுத்துனாரு. ட்ரீட்மென்ட் இன்னும் முடியலக்கா."

மரியத்துக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சீதாவின் கழுத்தில் கருத்துப்போயிருந்த தோலைப் பார்த்ததும் அது எங்கே போனதென்று தெரியவில்லை.

முதலாளி அப்துல் கனி வெளியே காத்திருந்தார். நல்ல மனுஷன் என்று பேர். நோன்பு திறக்கும் நேரத்தில் தன் கையாலேயே எல்லாருக்கும் கஞ்சி கொடுப்பார்.

"பாஸ், பட்டரை மாத்திட்டீங்களா?" மரியம் கேட்டாள்.

"விலை ஏறிடுச்சு லா. இது உப்பு மாஜரின். பழைய பட்டர் வாளியிலதான் ஊத்தி வச்சேன்."

"எங்ககிட்ட சொல்லலியே."

"அதுக்குத்தானே ருசி பாக்க ஆள் வச்சிருக்கேன்! யாரு பாத்தது?"

சீதா வாயைத் திறந்தாள். அதற்குள் மரியம் முந்திக்கொண்டாள்.

"நான்தான் பாஸ்."

"நோன்பு வச்சுக்கிட்டா?"

"நேத்தும் இல்ல, இன்னைக்கும் இல்ல."

மாதவிலக்கு, பெண்கள் விஷயம் என்று அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நோன்பு வாயால் சொன்ன பொய் மரியத்தின் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

"அப்ப நாக்கு எங்க போச்சு? நாளைலேருந்து வர வேணாம். இன்னைக்கு உள்ளதை முடிச்சிட்டுப் போ. அந்த மாஜரினை வீணாக்காதீங்க, சீனியைக் கூடப் போடுங்க."

பொழுது சாயும்வரை அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒரு வளையம்கூட உதிரவில்லை. பக்கத்தில் சீதா சத்தமில்லாமல் அழுதாள்.

"நான் போய் உண்மையைச் சொல்லிடுறேன்க்கா."

"சும்மா இரு. மருந்துக்கு யாரு குடுப்பா?"

கைப்பேசியில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. அப்துல் கனி பேரீச்சம்பழத் தட்டோடு வந்தார். கூட வேலை செய்யும் நிலோபருக்குக் கொடுத்தார், ஆஷிக்குக்குக் கொடுத்தார். மரியத்தின் முன் தட்டு ஒரு கணம் நின்றது.

"உனக்குத்தான் நோன்பு இல்லையே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சீதா மரியத்தின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி அவசரமாக அலசித் தண்ணீர் பிடித்து நீட்டினாள். மரியம் சுவர்ப் பக்கம் திரும்பி, உதடு அசையாமல் பிஸ்மி சொல்லிக் குடித்தாள். விரலில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூள் நாக்கில் பட்டது. உப்புக் கரித்தது.